கரடியனாற்றுப் பன்பையும் அதற்குள் தைக்கும் துணியும்

செங்கலடிச் சந்தியில் இறங்கி மேற்கே திரும்பினால் பதுளை வீதி. வரைபடங்களில் ஏ5 என்று குறிக்கப்பட்டிருக்கும் இந்த வீதி பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, பதுளை, மகாஓயா என்று மலைகளையும் காடுகளையும் கடந்து வந்து செங்கலடியில் முடிகிறது. நாம் போவது அதற்கு எதிர்த்திசையில். கறுத்தப்பாலத்தைத் தாண்டியதும் வாவிக்கரையின் சந்தடி குறைந்துவிடும். பன்குடாவெளி, இலுப்படிச்சேனை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபுறமும் வயல், இடையிடையே பற்றைக் காடு, மாடுகளை ஓட்டிச் செல்லும் சிறுவர்கள். அதன்பின் கரடியனாறு.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள ஊர்களை எழுவான்கரை என்றும், மேற்கே உள்ள ஊர்களைப் படுவான்கரை என்றும் சொல்வது எமது வழக்கம். சூரியன் எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. கரடியனாறு படுவான்கரைப் பக்கத்து ஊர். ஏறாவூர்ப்பற்று பிரதேச செயலகப் பிரிவில் அடங்குகிறது. நெல்லும் சேனைப் பயிரும் மாடும்தான் இங்கே சீவியம். உறுகாமம் குளமும் உன்னிச்சைக் குளமும் இந்தப் பகுதி வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. குளம் இருக்கும் இடத்தில் சதுப்பு இருக்கும். சதுப்பு இருக்கும் இடத்தில் பன் இருக்கும். பன் இருக்கும் இடத்தில் பாய் இழைக்கத் தெரிந்த ஒரு பெண்ணாவது இருப்பாள்.

பாதையில் படிந்த கதை

இந்த ஊரைப் பற்றி எழுதும்போது பழைய விடயங்களைச் சொல்லாமல் போக முடியாது. 1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர், பல வருடங்கள் கறுத்தப்பாலம் இரண்டு ஆட்சிகளுக்கு இடையிலான எல்லையாக இருந்தது. பாலத்துக்கு இப்பால் இராணுவம், அப்பால் விடுதலைப் புலிகள். சந்தைக்குப் போகும் பெண்ணும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியும் அந்தச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுதான் போனார்கள். கையில் இருந்த பையைக் கொட்டிக் காட்டினார்கள். மின்கலம் இருக்கிறதா, மருந்து அளவுக்கு அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுவார்கள். கொட்டியதைத் திரும்பவும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் படுவான்கரை முழுவதும் எறிகணை வீழ்ந்தது. அந்த மார்ச் மாத முடிவில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வாவியைக் கடந்து எழுவான்கரைப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் சனங்கள் தங்கினார்கள். அந்த வருடத்தின் நடுப்பகுதியிலிருந்து கட்டம் கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. வந்து பார்த்தபோது பலருக்குக் கூரை இல்லை, மாடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது.

அது போதாதென்று 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் பெரும் வெடிவிபத்து ஒன்று நடந்தது. வீதி வேலைக்காகக் கல்லுடைக்க வைத்திருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில் வந்த இழப்பு அது.

அதே 2010இல், வடக்குக் கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் என்றும், அவர்களில் 49,000 பேர் கிழக்கில் இருப்பதாகவும் அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டது. இந்தத் தொகைக்குள் அடங்கிய பெண்கள்தான் இன்று பன் வெட்டுகிறார்கள், வயலில் கூலிக்குப் போகிறார்கள், மாடு பார்க்கிறார்கள், பிள்ளைகளைக் கரைசேர்க்கிறார்கள்.

பன் எப்படிப் பையாகிறது

நாங்கள் போன வளவில் வேப்ப மரத்தின் கீழ் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு ஆச்சி நடுவில். "இரிங்க மகள், தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் பேசுவம்" என்று பாயை விரித்தார். அந்தப் பாயும் அவர் இழைத்ததுதான்.

மாரி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் பன் வெட்டப் போகிறார்கள். தனியே போவதில்லை, நாலைந்து பேராகத்தான் போவார்கள். குளக்கரையில் யானை நிற்கும், ஆகையால் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு போய், பொழுதுபட முன்னரே திரும்பிவிட வேண்டும். முற்றிய பன் வெடிக்கும், இளம் பன் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பார்த்து வெட்டுவதே கைத்திறன். வெட்டியதைத் தரம் பிரித்து, வெயிலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். பச்சை நிறம் போய் வெளிர் மஞ்சளாக வரும்வரை காய வேண்டும்.

முற்காலத்தில் சிவப்புக்குப் பதங்கிக் கட்டையையும் மஞ்சளுக்கு மரமஞ்சளையும் அவித்துச் சாயம் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயத்தூள்தான். சாயத்தில் அவித்த பன்னை, கழுவும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பின்னர் துணியில் தெரியும் என்று ஆச்சி சொன்னார். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பாய்க்கு இன்று முன்னர் போலக் கேள்வி இல்லை. பிளாஸ்ரிக் பாய் மலிவு. ஆகவே பாய் இழைத்த கைகள் பைக்கு மாறியிருக்கின்றன. கடலோர ஊர்களில் பனையோலையில் பெட்டியும் பையும் இழைக்கும் பெண்களுக்கும் இதே நிலைமைதான். இழைப்பில் எமது பெண்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இழைத்து முடித்த பையை விற்கும் பையாக மாற்றுவது வேறு வேலை. வாங்குபவர் முதலில் வெளிப்புறத்தைப் பார்த்துக் கையில் எடுப்பார். அடுத்த நிமிடம் வாயைத் திறந்து உள்ளே பார்ப்பார். வாங்குவதா வைப்பதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

ஓரம், அடி, கைபிடி

லைனிங் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை அந்தப் பெண்கள் செய்து காட்டினார்கள். உங்கள் ஊரில் பன் இல்லாமல் பனையோலையோ வேறு நாரோ இருந்தாலும் இந்த முறைகள் பொருந்தும்.

முதலாவது ஓரம். இழைத்து முடிந்ததும் வாய்ப்பக்கம் நீட்டி நிற்கும் பன் நுனிகளை அப்படியே வெட்டிவிட்டால் கொஞ்ச நாளில் இழை பிரிந்துவிடும். நுனியை ஈரத் துணியால் ஒற்றி இளக்கி, மேல் இழையைச் சுற்றி உட்பக்கமாக மடித்து, மூன்று நான்கு கண்களுக்குள் செருகி, அதன் பிறகே மிச்சத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். காய்ந்த பன்னை மடித்தால் முறியும். ஈரம் கூடினால் கறுக்கும். ஒற்றினால் போதும், நனைக்கக் கூடாது.

இரண்டாவது அடி. பையின் அடியில் மட்டை அட்டை வைத்துத் தைப்பது பலருடைய வழக்கம். ஒரு மழையில் அது ஊறித் தொங்கிவிடும். கரடியனாற்றுப் பெண்கள் அடிக்கு மட்டும் இரட்டை இழைப்புப் போடுகிறார்கள். நேரம் கூடுகிறது, ஆனால் பை பழசாகும்வரை அடி தட்டையாகவே நிற்கிறது.

மூன்றாவது கைபிடி. வாயோரத்தில் மட்டும் தைத்த கைபிடி, பாரம் ஏறும்போது ஓரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். கைபிடிக் கயிற்றைப் பையின் அடியால் சுற்றி எடுத்து, இருபக்கமும் இழைக்குள் புகுத்தி மேலே கொண்டுவந்தால் பாரத்தை அடியே தாங்கும். கை படும் இடத்தில் துணி சுற்றித் தைத்தால் உள்ளங்கை உரசாது.

இவை முடிந்ததும் பையை இரண்டு நாள் நல்ல வெயிலில் வைக்கிறார்கள். ஈரம் உள்ளே இருக்க லைனிங் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், மணக்கும். மாரி மாதங்களில் அவர்கள் லைனிங் தைப்பதே இல்லை. இழைத்து அடுக்கி வைத்துவிட்டு, தை பிறந்து வெயில் வந்த பின்னர்தான் தைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பையினுள்ளும் கையை விட்டு நாலாபக்கமும் தடவிப் பார்க்கிறார்கள். குத்தும் நார் ஒன்று இருந்தாலும் அது துணியைக் கிழிக்கும், ஆகவே அதையும் வெட்டி எடுக்கிறார்கள்.

எந்தத் துணி?

ஒரு முறை கொழும்பில் உள்ள கடை ஒன்று இருபது பைகளைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். லைனிங் துணியின் சாயம் இறங்கி, வாங்கிய ஒருவரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிவிட்டது. இழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாத உழைப்பு அந்தத் துணியால் வீணாயிற்று. அதன் பிறகு எந்தத் துணியையும் சோதிக்காமல் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

சோதனை இலகுவானது. துணியில் பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, ஈரமான வெள்ளைத் துணியால் இருபது தரம் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம், அல்லது பலமுறை அலசிய பிறகே எடுங்கள். அடுத்து அந்தத் துண்டை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். பத்து அங்குலம் ஒன்பதரையானால் அந்தத் துணி சுருங்கும் துணி. முழுவதையும் நனைத்துக் காயவைத்து, அழுத்தியபின் வெட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், பை ஒரு தரம் மழையில் நனைந்ததும் உள்ளே லைனிங் சுருங்கி, பையின் வாயைக் கோணலாக இழுக்கும். பன்னையும் இதே போல வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஆச்சி சொன்ன சோம்பல் இங்கேதான் அகப்படும்.

மட்டக்களப்பிலும் செங்கலடியிலும் கிடைக்கும் துணிகளை அவர்கள் இப்படிப் பிரிக்கிறார்கள்.

சீத்தைத் துணி மலிவு, பூப்போட்டது, கண்ணுக்கு அழகு. ஆனால் மெல்லியது. சின்னப் பைக்குச் சரி, பாரம் தூக்கும் பைக்கு உதவாது.

பொப்லின் நெருக்கமான நெசவு, தைக்க இலகு, மெசினில் வழுக்காது. அதிகமான பைகளுக்கு இதுவே போதும்.

பளபளப்பான பொலியெஸ்டர் துணி கடையில் பார்க்க மினுங்கும். தைக்கும்போது வழுக்கும், வெட்டிய ஓரம் நூல்நூலாகப் பிரியும், தையல் விட்டுக்கொடுக்கும். ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். பன்னோடு இது ஒத்துப்போவதில்லை. மீனும் மரக்கறியும் வாங்கும் சந்தைப் பைக்கு லைனிங்கே வேண்டாம், கழுவிக் காயவைக்க வெறும் பன்னே நல்லது.

கைத்தறிப் பருத்தித் துணி விலை கூட. ஆனால் தடிப்பாக, நின்று பிடிக்கும். பன்னின் நிறத்தோடு அதன் கோடும் கட்டமும் நன்றாகச் சேரும். வெளிப்புறமும் கையால் இழைத்தது, உட்புறமும் கையால் நெய்தது என்று சொல்லி விற்கலாம்.

இந்தக் கைத்தறித் துணி மருதமுனையிலிருந்து வருகிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை வீதியில், கல்முனைக்குச் சற்று முன்னால் உள்ள முஸ்லிம் ஊர். சாரமும் சேலையும் நெய்வதில் நாடறிந்த ஊர். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களின் முற்பகுதியில் அங்கே தறிகள் ஓயாமல் ஓடின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி குவிந்ததும் தறிகள் குறைந்தன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி கடலோரத்துத் தறிகளையும் வீடுகளையும் அள்ளிச் சென்றது. எஞ்சியவர்கள் திரும்பவும் நெய்யத் தொடங்கினார்கள். நெய்த சாரத்தின் தலைப்பு மிச்சங்களையும், நெசவில் சிறு பிழை வந்த துண்டுகளையும் குறைந்த விலைக்கு வாங்கலாம். லைனிங்குக்கு அதுவே தாராளம்.

படுவான்கரைத் தமிழ்ப் பெண்ணின் பன்னும், மருதமுனை முஸ்லிம் நெசவாளரின் நூலும் ஒரே பையில் சேர்கின்றன. கிழக்கில் இரு சமூகங்களுக்கும் இடையில் என்னென்ன நடந்தன என்பதை எமது வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரு பக்கத்திலும் பெண்கள் அழுதிருக்கிறார்கள். "அங்க போனா அந்தப் பொம்புளையள் தேத்தண்ணி தராம விட மாட்டாங்க" என்று துணி வாங்கப் போய்வரும் ஒரு சகோதரி சொன்னார். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒருவரை ஒருவர் தேடிப் போக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

நிறத்திலும் ஒரு விடயம் இருக்கிறது. கறுப்பு லைனிங் அழுக்கைக் காட்டாது என்று பலர் அதையே எடுக்கிறார்கள். ஆனால் கறுப்புக்குள் சாவியும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. கண் பார்வை குறைந்தவர்கள் பைக்குள் துழாவிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளை ஒரு மாதத்தில் அழுக்காகும். இரண்டுக்கும் நடுவில் வெளிர் நீலம், பழுப்பு, சிறு கட்டம் போட்டது நல்லது.

வெட்டும் அளவு

வாய் அகலம் 15 அங்குலம், உயரம் 11 அங்குலம், அடி 4 அங்குலம் உள்ள பையை எடுத்துக்கொள்வோம். லைனிங்கை ஒரே துண்டாக வெட்டி அடியில் மடிக்கலாம். நீளத்துக்கு 11, 4, 11 என்று கூட்டினால் 26. மேலே மடிப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் சேர்க்க 28. அகலத்துக்கு 15உம் 4உம் 19. தையலுக்கு ஒரு அங்குலம் சேர்க்க 20. ஆக 28க்கு 20 அங்குலத் துண்டு ஒன்று. 45 அங்குல அகலத் துணியில் ஒரு யார் வாங்கினால் இரண்டு பைக்கு லைனிங் வரும். மிஞ்சும் 8 அங்குலப் பட்டியில் இரண்டு உட்பைகளும் வெட்டலாம். பத்துப் பைக்கு ஐந்து யார். இதைக் கணக்குப் பார்த்து வாங்கினால் துணி வீணாகாது.

அகலத்தில் லைனிங் பையை விடக் கால் அங்குலம் சிறிதாக இருக்கட்டும், சுருக்கம் விழாது. ஆனால் உயரத்தில் குறைக்க வேண்டாம். லைனிங்கின் அடி பையின் அடியில் படிந்து இருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் பாரம் முழுவதும் வாயோரத் தையலில் விழுந்து அறுந்துவிடும்.

லைனிங்கைப் பையோடு சேர்க்கும்போது ஊசியைப் பன்னின் நடுவால் குத்தக் கூடாது, பன் பிளந்துவிடும். இரண்டு இழைகளுக்கு இடையிலுள்ள கண்ணால் நுழைத்து, இழையைச் சுற்றி எடுக்க வேண்டும். இரட்டை நூல், அரை அங்குலத்துக்கு ஒரு தையல். இன்னொரு முறையும் உண்டு. லைனிங்கைத் தனிப் பையாகத் தைத்து, வாயோரத்தில் ஆறு இடங்களில் சிரட்டைத் தெறி வைத்துப் பூட்டிவிடுவது. கழற்றித் துவைக்கலாம். பழுதானால் லைனிங்கை மட்டும் மாற்றலாம். இப்படித் தைத்த பைக்குக் கூடிய விலை கேட்கலாம்.

பழைய சேலை

பழைய நூல் சேலையிலும் நல்ல லைனிங் வரும். ஐந்தரை மீற்றர்ச் சேலையில் தேய்ந்த ஓரத்தையும் இற்ற இடத்தையும் கழித்துவிட்டால்கூட எட்டுப் பைக்குக் குறையாது. பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது, சாயமும் இறங்காது. செலவும் இல்லை.

அங்கிருந்த பெண்களில் ஒருவர் நாற்பதைத் தாண்டாதவர். கணவர் 2007இல் இல்லாமல் போனார். பெட்டியில் அவருடைய நிறச் சேலைகள் பல இருக்கின்றன. கட்டினால் ஊர் பேசும் என்று கட்டுவதில்லை. பைக்கு லைனிங் தேவைப்பட்டபோது, "எனக்கென்னத்துக்கு, வெட்டுங்க" என்று நான்கு சேலைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. ஆச்சிதான் பேசினார். "இற்றுப் போன சேலை எண்டாத் தா, வெட்டுவம். இது நல்ல சேலை. ஊர் கட்டாத எண்டு சொன்னதுக்காக நீ வெட்டத் தராத புள்ள. கட்டு, இல்லாட்டி மகளுக்கு வை."

இரண்டைத் திருப்பி எடுத்துப் போனார். இற்றுப் போயிருந்த இரண்டை மட்டும் வெட்டினார்கள். நாங்கள் போன அன்று அவர் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் நிறம்.

ஆச்சி சொன்னதை எமது வாசகிகள் யோசித்துப் பார்க்க வேண்டும். கணவனை இழந்த பெண் நிறம் கட்டக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது, நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று சொல்பவர்கள் அவளுடைய உலையில் ஒரு பிடி அரிசி போடுவதில்லை. பழைய துணியைப் பயன்படுத்துவது சிக்கனம். தன்னையே பழைய துணியாக எண்ணுவது சிக்கனம் அல்ல.

கடதாசிகளுக்கு ஒரு பை

இந்தப் பெண்கள் தைக்கும் பைகளில் ஒரு வகை கடைக்குப் போவதில்லை. அது அவர்களுக்காகவே அவர்கள் செய்துகொண்டது. 15 அங்குல அகலம் என்று மேலே சொன்ன அளவு அதனுடையதுதான். ஏஃபோர் தாளும் அதைவிட நீளமான புல்ஸ்கெப் தாளும் மடியாமல் உள்ளே கிடக்கும்.

எமது பெண்களிடம் எத்தனை கடதாசிகள் இருக்கின்றன! அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி அனுமதிப்பத்திரம், பிள்ளையின் கிளினிக் கொப்பி. காணாமல் போனவரைத் தேடுபவர்களிடம் இன்னும் ஒரு கட்டு இருக்கும்: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்குக் கொடுத்த பதிவு, ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் கொடுத்த சாட்சியம், ஒரே ஒரு புகைப்படம். 2016இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த காணாமல் போனோர் அலுவலகம் 2018இல் வேலை தொடங்கியபோதும் இதே கட்டைத்தான் தூக்கிச் சென்றார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு, ஆள் காணாமல் போயுள்ளார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் 2016இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கும் இந்தக் கடதாசிகள் வேண்டும். இவற்றைச் சொப்பின் பேக்கில் சுற்றி, கூரைக்குள் செருகி, இடம்பெயரும்போதெல்லாம் முதலில் எடுத்து ஓடியவர்கள் நாங்கள்.

கடதாசிப் பையின் லைனிங் தடித்த கைத்தறித் துணி. உட்பக்கம் ஒரு நீளமான உட்பை. அதைப் பைக்குள் லைனிங் போட முன்னரே தட்டையாக வைத்துத் தைத்துவிட வேண்டும், பிறகு கை நுழையாது. உட்பையின் இரு மூலைகளிலும் முக்கோணமாக இரட்டைத் தையல். வாய்க்கு ஒரு தெறி. கடதாசிகளை முதலில் பிளாஸ்ரிக் உறையில் இட்டு, அதன் பிறகு உட்பையில் வைக்கச் சொல்கிறார்கள். மழைக்கும் பயமில்லை, கறையானுக்குப் பைக்குள் வேப்பிலை போடுவது பழைய வழக்கம். பிரதிகளைப் பையிலும் மூலங்களை வீட்டில் வேறிடத்திலும் வைப்பது இன்னும் நல்லது.

"முந்தி பையக் கொட்டச் சொன்னா எல்லாம் நிலத்தில கிடக்கும். இப்ப ஒரு தெறியக் கழட்டினா வேண்டிய தாள் கையில வரும்" என்றார் ஒருவர். கந்தோரில் அதிகாரி கேட்டவுடன் தாளை எடுத்து நீட்டும் பெண்ணை இன்னொரு நாள் வா என்று அனுப்புவது கடினம். இது சிறிய விடயம் அல்ல.

விலை சொல்லும்போது

ஒரு பைக்கு இழைப்பு எட்டு மணித்தியாலம் என்றால், ஓரம், கைபிடி, லைனிங் எல்லாம் சேர்ந்து இன்னும் மூன்று மணித்தியாலம் போகிறது என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். பலர் விலை போடும்போது இந்த மூன்று மணித்தியாலத்தைச் சேர்ப்பதே இல்லை. துணிக்காசும் நூல்காசும் மட்டும் கூட்டுவார்கள். பன் வெட்டப் போன அரை நாளையும் விட்டுவிடுவார்கள். குளத்துப் பன் சும்மா கிடைக்கிறது என்பது உண்மை. யானைக்குப் பயந்து பயந்து அதை வெட்டிச் சுமந்து வந்த நேரம் சும்மா அல்ல.

ஒரு கொப்பி வையுங்கள். துணி, நூல், தெறி, பஸ் காசு, வெட்டிய நேரம், இழைத்த நேரம், தைத்த நேரம் என்று ஏழு வரிகள் எழுதுங்கள். வயல் கூலி ஒரு நாளைக்கு எவ்வளவோ அதை வைத்து நேரத்துக்கு விலை போடுங்கள். எல்லாவற்றையும் கூட்டிவரும் தொகைக்குக் கீழே விற்றால், நீங்கள் வாங்குபவருக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டிப் பிடித்தபோது, பழைய விலையிலேயே பை கொடுத்தவர்கள் நட்டப்பட்டார்கள். துணி விலை மாறும்போதெல்லாம் கொப்பியையும் மாற்ற வேண்டும்.

துணி வாங்குவதற்கென்று நுண்கடன் எடுக்க வேண்டாம் என்பதையும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது பை விற்றிருக்க வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஐந்து யார் வாங்கிப் பங்கிடலாம். முதல் இரண்டு பைக்குப் பழைய சேலை, அவை விற்ற காசில் புதுத்துணி என்று தொடங்கலாம். பெரிய ஓடர் தருபவரிடம் துணிக்காசை முன்பணமாகக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கரடியனாறு பக்கம் போகக் கிடைக்கும் சகோதரிகள் மாசி, பங்குனி மாதங்களில் போவது நல்லது. பன் காயும் காலம், கற்றுக்கொள்ள வசதி. செங்கலடியிலிருந்து பஸ் இருக்கிறது, பின்னேரப் பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். போகும்போது உங்களிடம் உள்ள துணித் துண்டுகளைக் கொண்டு போங்கள். எந்தத் துணி எந்தப் பைக்கு ஆகும் என்று ஆச்சி விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.